பதிமூன்று கண்ணும் நாலு சாம்பலும்

என் முன்பல்லின் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு போயிருக்கிறது. பார்ப்பவர்கள் வண்டியிலிருந்து விழுந்தீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒட்டிக்கொண்ட இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளைக் கடித்துப் பிரிக்கப் போய் நாற்பத்தைந்து வயது ஆள் பல்லை உடைத்துக்கொண்டான் என்று ஆரியங்காவு கடைத்தெருவில் எப்படிச் சொல்வது?

எனக்குப் பிளாக்ஸ் பைத்தியம். குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்று செருகி வீடு, கார் கட்டுவார்களே, அந்தப் பிளாக்ஸ்தான். லெகோ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆனால் நான் சேர்ப்பது லெகோ இல்லை. லெகோ என்று பேர் போட்ட பெட்டி வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது, ஷார்ஜாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. மீதி முப்பத்திரண்டு பெட்டியும் வேறு வேறு பேர். சிலவற்றுக்குப் பேரே கிடையாது. வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் ஒரு பாலிதீன் பை, அவ்வளவுதான். 'டூப்ளிகேட்' என்பாள் என் மனைவி. அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் பை 1990இல் வந்தது. குற்றாலம் சீசன். அப்பா அப்போது ரயில்வேயில் கேங்மேன். ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவே சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடப்பது அவர் வேலை. நாங்கள் கேரளத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சொந்தபந்தம். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை இந்தப் பக்கத்தோடுதானே இருந்தது, கோடு பிறகுதான் வந்தது. கல்யாண ஜவுளியோ, காதுகுத்துக்குக் கறியோ, சாரல் விழுந்தால் அருவிக் குளியலோ, எதுவானாலும் கோட்டைவாசலைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுவோம்.

பேரருவிக்குப் போகிற வழி முழுக்கச் சீசன் கடைகள். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், அல்வா, ஈரத் துண்டு தொங்கும் கயிறு. அதற்கடுத்த கடையில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. மேலே மடித்துப் பின் அடித்த அட்டையில் சிவப்புக் கூரையும் புகைபோக்கியும் வைத்த ஒரு வீட்டின் படம். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"எவ்வளவு அண்ணாச்சி?" என்றார் அப்பா.

"இருபத்தஞ்சு. ஃபாரின் சாமான் அண்ணாச்சி, கீழ போட்டாலும் உடையாது."

"பதினஞ்சுக்குக் குடுங்க. பிள்ள அழுவான்லா."

அதுவரை நான் அழவில்லை. அவர் சொன்னபிறகுதான் ஆரம்பித்தேன். பதினெட்டுக்குப் படிந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் கொட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மொத்தம் அறுபத்து நாலு பீஸ். இரண்டு ஜன்னல், ஒரு கதவு. அட்டையில் இருந்த வீட்டை அந்தப் பைக்குள் இருந்ததை வைத்துக் கட்டவே முடியாது. மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். படத்தில் கூரை உண்டு. பைக்குள் சரிவுக் கட்டை ஒன்றுகூட இல்லை. சரி, கூரை இல்லாவிட்டால் மொட்டை மாடி. எங்கள் தெருவில் எல்லாமே ஓட்டு வீடு, மொட்டை மாடி வைத்தது கான்ட்ராக்டர் வீடு ஒன்றுதான். ஆக எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த அறுபத்து நாலும் எப்படியோ தொலையாமல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது. 2017இல் என் மகளுக்கு ஐந்து வயது. தென்காசியில் ஒரு கடையில் 350 ரூபாய்க்குத் தீயணைப்பு வண்டி செட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அம்மா டிரங்கைத் திறந்து பழைய பையை எடுத்து வந்தாள். "எய்யா, இதையும் சேத்து வெளையாடட்டும்." மகள் புதுக் கட்டையின் மேல் பழைய கட்டையை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. நான் அழுத்தினேன். ஒரு ஓரம் இறங்கியது, மறு ஓரம் தூக்கிக்கொண்டது. திருப்பி வைத்தேன். அப்போதும் அதே கதை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "கேஜ் பாத்தியால?"

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அளவுக்கோல் வைத்துப் பார்ப்பதைத்தான் கேஜ் பார்ப்பது என்பார்கள். அவர் காலத்தில் எங்கள் பாதை மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இப்போது அகலப் பாதை, 1676. வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்த மனுஷனுக்குப் பொம்மைக் கட்டையும் தண்டவாளம்தான். "கண்ணுக்குச் சரியாத்தான் இருக்கும். சக்கரத்துக்குச் சரியா இருக்காதுல்லா" என்றார்.

மறுவாரம் தென்காசியில் டிஜிட்டல் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். அது இப்போது சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி ஒருமுறை முறுக்கு அச்சின் ஓட்டையை அதால் அளந்ததும் உண்டு.

அளந்து அளந்து தெரிந்துகொண்டது இது. கட்டையின் தலையில் வரிசையாக நிற்கிற குமிழ்களில், ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8. கட்டையின் உயரம் 9.6. மெல்லிய தட்டு என்றால் 3.2, மூன்று தட்டு அடுக்கினால் ஒரு கட்டை உயரம். ரெண்டுக்கு நாலு கட்டை, அதாவது எட்டுக் குமிழ் வைத்தது, கணக்குப்படி 32 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். ஆனால் 31.8தான் இருக்கும். பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க அந்த 0.2ஐ வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கட்டையைக் கவிழ்த்தால் உள்ளே மூன்று குழல். கீழே இருக்கிற கட்டையின் குமிழ் மேலே வருகிற கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் நடுவில் போய் நெருங்கி உட்காரும். பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடி என்பது இதுதான். கொஞ்சம் குறைந்தால் கழன்று விழும். கொஞ்சம் கூடினால் பல் போகும். லெகோக்காரர்களின் அச்சு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகில் செய்யப்படுகிறது. இது சும்மா பெருமைக்காக இல்லை.

குற்றாலத்துக் கட்டையை அளந்தேன். 32.4. ஒரு கட்டைக்கு 0.6 மி.மீ. வித்தியாசம். என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பத்துக் கட்டையை வரிசையாக வைத்தால் 6 மி.மீ., முக்கால் குமிழ் தள்ளிப்போய்விடும். தங்களுக்குள் அவை நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. வெளியாளோடுதான் சேராது.

அன்றைக்குத் தொற்றியதுதான் இது. மற்றவர்கள் செட்டைப் பார்த்து வாங்குவார்கள், நான் பிடியைப் பார்க்க வாங்குகிறேன். புதுப் பை வந்தால் முதலில் ஒரு கட்டையைச் சிமெண்டுத் தரையில் போட்டுச் சத்தம் கேட்பேன். நல்ல ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கணீரென்று விழும். மட்டமானது சொத்தென்று விழும். லெகோவே 1963இல்தான் ஏபிஎஸ்ஸுக்கு மாறியது, அதற்கு முன்னால் செல்லுலோஸ் அசிடேட். அது நாளாக ஆக வளைந்துவிடும். அடுத்து ஆறு கட்டையை ஒன்றன்மேல் ஒன்று கோத்து, அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு உதறுவேன். நுனிக் கட்டை பறந்தால் ஒரு குறிப்பு. பிறகு பிரிப்பேன், நகம் வலித்தால் இன்னொரு குறிப்பு. என் ஜெராக்ஸ் கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் இந்தக் குறிப்புகளை எழுதியே இரண்டு டைரி தீர்ந்திருக்கிறது.

இப்போது அந்த வழக்கு.

"டூப்ளிகேட்ட வாங்கி வாங்கி அலமாரியில அடுக்குறீங்களே" என்று மனைவி சொன்ன ஒரு ராத்திரி நான் முழுக் கதையையும் சொன்னேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக் கட்டை அவர் கம்பெனியில் 1949இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பேரில் குமிழ் வைத்த கட்டை விற்றுக்கொண்டிருந்தார். டென்மார்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கட்டையைச் செய்தார்கள். பேஜ் 1957இல் இறந்துபோனார். கிடிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ வாங்கியது 1981இல்.

"அப்போ அவங்களே டூப்ளிகேட்டா?" என்றாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. குழல் அவங்களோடது." 1958 ஜனவரி 28ஆம் தேதி காப்புரிமைக்கு மனுப் போட்டது அந்தக் குழலுக்குத்தான். அதற்கு முன்னால் கட்டை உள்ளே வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் தூக்கினால் கழன்றுவிடும். பிடி வந்ததே குழலால்தான்.

"குழாய்க்கா இவ்வளவு சண்டை?"

சண்டை சாதாரணமில்லை. காப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்ததும் அமெரிக்காவின் டைக்கோ, கனடாவின் மெகா பிளாக்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். லெகோ வேறு வேறு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. ஹாங்காங்கிலிருந்து போன டைக்கோ வழக்கில் 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் லெகோவுக்கு எதிராகச் சொன்னது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றம், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம். கடைசி இரண்டும் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: குமிழ் வைத்த வடிவம் வேலை செய்வதற்காக இருக்கிறது, அதை வர்த்தக முத்திரை என்று சொல்லி எக்காலத்துக்கும் ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த மஞ்சள் மூஞ்சிக் குட்டி ஆள் இருக்கிறானே, 1978இல் வந்தவன், அவன் உருவம் லெகோவின் முத்திரைதான் என்று 2015இல் ஐரோப்பாவில் தீர்ப்பு வந்தது. கட்டை புறம்போக்கு, ஆள் பட்டா நிலம். அதனால்தான் மற்ற கம்பெனிப் பெட்டிகளில் ஆட்கள் ஒரு மாதிரி இருப்பார்கள். தோள் சரிந்து, தலை நீண்டு, அதிகாலையில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி. எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

ஆக என் அலமாரியில் இரண்டு சாதி இருக்கிறது. பொதுவான கட்டையை எடுத்துக்கொண்டு சொந்தமாக மாடல் போடுகிறவர்கள் ஒரு பக்கம். போலந்தின் கோபி கம்பெனி டாங்கியும் போர் விமானமும் செய்கிறது. சீனாவில் குவாங்டாங் மாகாணத்து ஷாந்தோ ஊரின் செங்ஹாய் பகுதி முழுக்கப் பொம்மைத் தொழில். அங்கே 1994இல் தொடங்கிய என்லைட்டன் இன்றைக்கும் பேர் மாற்றிக்கொண்டு இருக்கிறது. கோபிரிக்ஸ் என்ற கம்பெனி கட்டையை மட்டும் செய்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. அதன் பிடி லெகோவுக்கு ஒரு இம்மி குறைவு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொரு பக்கம், அடுத்தவன் வீட்டுப் பிளானை அப்படியே எடுத்து, பெட்டிப் படத்தையும் எடுத்து, பேரில் இரண்டு எழுத்தை மாற்றி விற்பவர்கள். சீனாவின் லெபின் அப்படித்தான் வளர்ந்தது. 2019இல் சீனப் போலீஸ் கிடங்குகளில் புகுந்து ஆறு லட்சத்துக்கு மேல் பெட்டிகளைப் பிடித்தது. அடுத்த வருஷம் ஷாங்காய் கோர்ட் அதன் தலைவருக்கு 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தது. அந்த ரகப் பெட்டி என்னிடமும் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. எது எந்தச் சாதி என்று தெரியாத காலத்தில் வாங்கியது. பெரிய கோட்டை. கட்டி முடித்து அலமாரி உச்சியில் வைத்திருந்தேன். பிறகு ஏனோ பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது. பிரித்துப் போட்டுவிட்டேன். கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டேன், கட்டை என்ன பாவம் செய்தது?

மனைவிக்கு இந்த வித்தியாசம் புரிந்ததா என்று கேட்டால், புரிந்தது. சொல்லை மட்டும் மாற்றவில்லை.

வாங்குவதும் இப்போது முன்புபோல் இல்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சீனச் சாமான் வாங்குகிற அலி எக்ஸ்பிரஸ் செயலிக்கும் 2020 நவம்பரில் தடை. தென்காசிக் கடையில் சீனப் பெட்டி இருந்த தட்டில் இப்போது இந்தியப் பெட்டி இருக்கிறது. சிலது நன்றாகவே இருக்கிறது. நிறம் அசத்தல், பிடியில்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம். சின்னக் குழந்தைகள் வாயில் வைக்கிற சாமான், சோதனை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சோதனையெல்லாம் எங்கள் ஊருக்குப் புதிதா? ஓணம் வந்தால் ஆரியங்காவு செக்போஸ்ட்டில் பால் வண்டியை நிறுத்திக் குழாயில் ஊற்றிப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மலையாளிப் பையன் என் வெர்னியரைப் பார்த்துவிட்டு, "அங்கிளும் செக்போஸ்ட்டா?" என்று கேட்டான்.

இந்த ஊரில் பிளாக்ஸுக்குப் பெரிய எதிரி வரியோ தடையோ இல்லை. மழை. கட்டைக்கு ஒன்றும் ஆகாது, படப் புத்தகத்துக்குத்தான் பூஞ்சை பிடிக்கும். ஆடி மாதம் அலமாரியைத் திறந்தால் பழைய ரேஷன் கார்டு வாசனை. ஸ்டிக்கர் ஓரம் தூக்கும், அடியில் எறும்பு. இப்போது எந்தச் செட் வந்தாலும் முதல் வேலையாகக் கடையில் புத்தகத்தை ஸ்கேன் எடுத்துவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை வைத்ததில் கண்ட ஒரே சுகம். கட்டைகளை வருஷம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுவேன். சூடான தண்ணீர் கூடாது. 40 டிகிரியைத் தாண்டினால் கட்டை உருமாறலாம். ஒருமுறை அம்மா நல்லதுக்கு என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதற்கப்புறம் ஒரு பிடிக்கும் உதவாத பத்து மஞ்சள் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. அடுப்பங்கரை ஜன்னலுக்கு ஆப்பாக.

இனி பாலம்.

கழுதுருட்டியில் கொல்லம் ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ரோட்டோரமாக, மலையிடுக்கில், வரிசையாகக் கல் வளைவு. பதிமூணு கண் பாலம் என்போம் நாங்கள். மலையாளத்தில் பதிமூன்னு கண்ணற. சுமார் 100 மீட்டர் நீளம். 1904இல் இந்தப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்த காலத்துக் கல் வேலை. 2010இல் மீட்டர் கேஜை மூடினார்கள். பாலத்தைப் பலப்படுத்தி, அகலப் பாதை போட்டு, 2018இல் திரும்பத் திறந்தார்கள். அந்த எட்டு வருஷமும் அப்பா வீட்டில் இருந்தார். சாயங்காலமானால் வாசலுக்கு வந்து நிற்பார். ரயில் வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன. நிற்பார்.

பாலத்தை எந்தக் கம்பெனியும் செட்டாகப் போடப் போவதில்லை. நாமே போட வேண்டியதுதான். ஒன்றுக்கு ஆறு என்ற அளவில் வளைவுக் கட்டை ஒன்று உண்டு. இரண்டு ஓரமும் ஒரு குமிழ் கால், நடுவில் நாலு குமிழ் திறப்பு. இரண்டை ஒட்டி வைத்தால் நடுவில் இரண்டு குமிழ் அகலத்துக்குத் தூண் கிடைத்துவிடும். பதிமூன்று வளைவுக்கு 78 குமிழ், 624 மி.மீ. நூறு மீட்டரை அதால் வகுத்தால் 160இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் இரண்டு குமிழ் அகலத்தில் பெட்டி செய்தால் நிஜத்தில் இரண்டரை மீட்டர். மீட்டர் கேஜ் பெட்டிக்குக் கிட்டத்தட்டச் சரி. கணக்குத் தானாக வந்து உட்கார்ந்தபோது கடையில் தனியாகச் சிரித்தேன், ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பாலத்தின் அகலம் நாலு குமிழ். முன்முகத்துக்குப் பதிமூன்று, பின்முகத்துக்குப் பதிமூன்று, ஆக 26 வளைவு. நடுவில் வெற்றிடம், மேலே தட்டுப் போட்டு மூடிவிட்டால் தெரியாது. (கான்ட்ராக்டர் வேலைதான்.) தூண் பதிமூன்று என்று எழுதி, ரெண்டுக்கு நாலு கட்டை எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏல, கண்ணு பதிமூணுன்னா தூணு பன்னெண்டுதாம்ல. வெரலு அஞ்சு, எட நாலு." கையை விரித்துக் காட்டினார். இரண்டு ஓரமும் மலையில் போய்ச் சாய்கிறது, அங்கே தூண் எதற்கு?

சாம்பல் நிறத்தில் 26 வளைவு ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. பெங்களூரில் உதிரி விற்கிறவரிடம் பதினொன்று. பிரித்துப் போட்ட கோட்டையிலிருந்து எட்டு. ஒரு பேரில்லாத பையிலிருந்து நாலு. மச்சானின் லெகோ பெட்டியிலிருந்து மூன்று. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தால் நாலு சாம்பல். ஒன்றில் நீலம் ஓடுகிறது. ஒன்று விபூதி. ஒன்று நனைந்த சிமெண்ட். ஒன்று லேசாக மஞ்சளடிக்கிறது. லெகோவே 2004 வாக்கில் தன் சாம்பலை நீலம் கலந்ததாக மாற்றிப் பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, கலப்படக்காரன் நான் எம்மாத்திரம்? இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பெயிண்ட் ஏறினால் குமிழ் தடிக்கும், பிடி போய்விடும்.

அப்பா ஒவ்வொரு வளைவாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்ன, கல்லு என்ன ஒரே நெறமாவா இருக்கு? மழ அடிக்கிற பக்கம் கருத்துப்போய்க் கெடக்கும். அடியில பாசி. மேல வெயிலு படுற எடம் வெளுத்துக் கெடக்கும்லா."

அதற்கப்புறம் மூன்று சாயங்காலம் பாலம் அவர் கையில். முப்பத்தைந்து வருஷம் அதன்மேல் நடந்த மனுஷன், எந்தக் கண்ணுக்கு எந்தச் சாம்பல் என்று அவரே சொன்னார். நனைந்த சிமெண்ட் எல்லாம் பின்முகத்துக்குப் போனது. விபூதி மேற்கு ஓரத்துக்கு. நான் ஒட்டி முடித்திருந்த ஏழு வளைவைக் கழற்றச் சொன்னார். அப்போதுதான் இந்தப் பல் போனது. பேரில்லாத பையின் நாலு வளைவுக்குப் பிடி தளர்வு; அதை நடுவில் வைத்தால் பாலம் தொய்யும் என்று இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டாக வைத்தோம். தூண்கள் பள்ளத்துக்கு ஏற்ப: நடுவில் ஒன்பது கட்டை உயரம், ஓரத்தில் இரண்டு மூன்று. அடியில் பச்சைத் தட்டு, அதன்மேல் மகள் காடு போட்டாள். யானை ஒன்றும் வைத்தாள். அந்த அளவுக்கு அது யானை இல்லை, நாலு மாடிக் கட்டிடம். ஆனால் எடுக்க விடவில்லை.

ரயிலுக்கு என்ன நிறம் என்பதில் வீடு இரண்டானது. மகளுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் வேண்டும், நீலத்தில். அப்பாவுக்குத் தன் காலத்துச் சிவப்புப் பெட்டி. பெரியவர் ஜெயித்தார், காரணம் கட்டை. நல்ல சிவப்பில் ரெண்டுக்கு நாலு கட்டை என்று பார்த்தால் குற்றாலத்துப் பைக்குள்தான் இருந்தது, சரியாகப் பதினாறு. நாலு நீளம், இரண்டு உயரம், ஒரு பெட்டிக்கு எட்டு. இரண்டு பெட்டி. அந்தக் கட்டை இந்தக் கட்டையோடு சேராதே என்று மகள் கேட்டாள். ரயில் பாலத்தோடு சேர வேண்டியதில்லையே, மேலே நின்றால் போதும். தண்டவாளம் என்று நான் போட்டிருந்த வழவழப்பான தட்டின் மேல் அது நின்றது. முன்னால் இன்ஜினுக்கு நீலக் கட்டையை வைத்து ஒப்பேற்றினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "பின்னால இன்ஜின் எங்கல?"

புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ஏறுகிற ரயிலுக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ள வேண்டும். மலைப்பாதை. அது எனக்கும் தெரியும், மறந்துவிட்டேன். அதுவும் கறுப்பில் வேண்டும் என்றார், அவர் மனசில் ஓடுவது நீராவி வண்டி. குற்றாலத்துப் பையில் கறுப்பு கிடையாது. புதுக் கறுப்புக் கட்டை பழைய சிவப்போடு கொக்கி போடாது. ஆனால் தள்ளுகிற இன்ஜின்தானே, தொட்டுக்கொண்டு நின்றால் ஆயிற்று. ரெண்டுக்கு நாலு, கறுப்பில் நாலு பீஸ். பெங்களூர்க்காரரிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. நாலு பீஸுக்குப் பார்சல் அனுப்ப அவருக்குக் கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது.

அதுவரை அப்பாவின் பொடி டப்பா அந்த இடத்தில் நிற்கிறது. பெயிண்ட் உதிர்ந்து கறுத்துப்போன தகர டப்பா. அகலம் பாலத்துக்குச் சரியாக இருக்கிறது. காலையில் காப்பி குடித்ததும் வந்து இன்ஜினைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, தும்மி முடித்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டி வைத்துவிடுகிறார்.